கிளிப்பர் சர்க்யூட் தப்பான பக்கம் வெட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டோடு வந்து கேட்கும் சந்தேகங்களில் டையோடு கிளிப்பர் கட்டாயம் இருக்கும். அலையின் ஒரு பக்கத்தைக் குறிப்பிட்ட வோல்டேஜில் வெட்டித் தட்டையாக்கும் சர்க்யூட்தான் கிளிப்பர். சர்க்யூட்டில் இருப்பது ஒரு ரெசிஸ்டர், ஒரு டையோடு, மிஞ்சிப்போனால் ஒரு பேட்டரி. ஆனாலும் எது பிளஸ், எது மைனஸ் என்ற ஒரே குழப்பம் பல வேஷத்தில் வந்து நிற்கும். அதனால் பாடப்புத்தக வரிசையை விட்டுவிட்டு, ஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) என்ன தெரிகிறதோ அங்கிருந்து தொடங்குகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரே சர்க்யூட்டை வைத்துக்கொள்வோம். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து உச்சம் 10 வோல்ட் வரும் சைன் அலை. அதன் பின் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் மறுமுனைதான் அவுட்புட். அவுட்புட்டில் டையோடின் ஆனோடு (மின்னோட்டம் நுழையும் கால்). கேத்தோடிலிருந்து (மின்னோட்டம் வெளியேறும் கால்) 3 வோல்ட் பேட்டரியின் பிளஸ். பேட்டரியின் மைனஸ் கிரவுண்டில் (பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும் பொது ஒயர்). டையோடு 4007 அல்லது 4148, எதுவானாலும் சரி. பேட்டரிக்கு இரண்டு பென்சில் செல்கள். ஒழுங்காக வேலை செய்தால் அலையின் மேல்பக்கம் +3.7 வோல்டில் தட்டையாகும், கீழ்ப்பக்கம் −10 வரை அப்படியே போகும்.

முதலில்: எங்கே நின்று அளக்கிறீர்கள்?

ஊட்டி 2240 மீட்டர் உயரம் என்கிறோம். அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. சுமார் 1850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் நின்று சொன்னால் ஊட்டி பிளஸ் 390. 2637 மீட்டர் உயர தொட்டபெட்டா உச்சியில் நின்று சொன்னால் அதே ஊட்டி மைனஸ் 397. ஊர் நகரவில்லை, அளக்கும் இடம்தான் மாறியது. வோல்டேஜும் அப்படித்தான்: மீட்டரின் கறுப்பு பின் நிற்கும் இடம் பூஜ்யம், சிவப்பு பின் நிற்கும் இடம் அதற்கு மேலா கீழா என்பதுதான் பிளஸ், மைனஸ். சர்க்யூட்டில் ஒரு புள்ளியை மட்டும் காட்டி "இது பிளஸ்ஸா மைனஸ்ஸா சார்?" என்று கேட்டால், எதிலிருந்து பார்த்து என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

டையோடுக்கு கிரவுண்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது பார்ப்பது தன் ஆனோடுக்கும் தன் கேத்தோடுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஆனோடு ஏறத்தாழ 0.7 வோல்ட் மேலே இருந்தால் மின்னோட்டத்தை விடும், இல்லையென்றால் விடாது. ஆனோடில் −2.3, கேத்தோடில் −3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மைனஸ்தான், ஆனாலும் டையோடு கடத்தும். "மைனஸ் வோல்டேஜ் வந்தால் டையோடு ஆஃப்" என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஆனோடில் எவ்வளவு, கேத்தோடில் எவ்வளவு, கழித்தால் என்ன?

ஸ்கோப் இல்லாதவர்களுக்கு

எல்லார் வீட்டிலும் ஸ்கோப் இருக்காது. ஒரு 9 வோல்ட் பேட்டரியும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் இருந்தால் போதும். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 9 வோல்ட் பேட்டரியை வையுங்கள், பிளஸ் இன்புட்டில், மைனஸ் கிரவுண்டில். மீட்டரின் கறுப்பு கிரவுண்டில், சிவப்பு அவுட்புட்டில். நம் சர்க்யூட் என்றால் சுமார் 3.7 காட்ட வேண்டும். அப்புறம் அந்த 9 வோல்ட் பேட்டரியை மட்டும் திருப்புங்கள். இப்போது −9 வர வேண்டும். சைன் அலையின் இரண்டு உச்சங்களையும் நிறுத்தி வைத்துப் பார்த்த மாதிரிதான் இது. பல சமயம் ஸ்கோப்பைவிட இதிலேயே கோளாறு தெளிவாகத் தெரிந்துவிடும். அலை ஓடாமல் நிற்பதால் ஒவ்வொரு முனையாக நிதானமாக அளக்கலாம் இல்லையா.

அறிகுறி: வெட்டுகிறது, ஆனால் தப்பான இடத்தில்

இதில் தட்டையான இடத்தின் எண்ணே கோளாறைச் சொல்லிவிடும். டையோடை இரண்டு விதமாக மாட்டலாம், பேட்டரியை இரண்டு விதமாக மாட்டலாம். ஆக நான்கு சர்க்யூட், நான்கு எண்.

+3.7 வோல்டில் மேல்பக்கம் வெட்டினால் எல்லாம் சரி.

−2.3 வோல்டுக்கு மேல் உள்ள எல்லாம் போய், அலை −10க்கும் −2.3க்கும் நடுவில் மட்டும் ஆடுகிறதா? டையோடு சரி, பேட்டரி திரும்பியிருக்கிறது. கேத்தோடு −3இல் மாட்டிக்கொண்டது. ஆனோடு −2.3ஐத் தொட்டதுமே டையோடு திறந்துவிடுகிறது.

+2.3க்குக் கீழே உள்ள எல்லாம் போய், அலை +2.3க்கும் +10க்கும் நடுவில் ஆடினால் பேட்டரி சரி, டையோடு திரும்பியிருக்கிறது.

−3.7இல் கீழ்ப்பக்கம் வெட்டி மேல்பக்கம் முழுதாக இருந்தால் இரண்டுமே திரும்பியிருக்கின்றன. சர்க்யூட் அழகாக வேலை செய்வது போலவே இருக்கும் என்பதால் இது பலர் கண்ணில் படாது. நெகட்டிவ் கிளிப்பரை வரைந்து பாசிட்டிவ் கிளிப்பர் என்று தலைப்பிட்டு ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள்.

எண்ணில் முழுசாக 3 வராமல் 3.7 வந்தால் டையோடின் 0.7 பேட்டரியோடு கூடுகிறது, 2.3 வந்தால் கழிகிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் நான்கையும் உருப்போட வேண்டியதில்லை. டையோடின் உடம்பில் கோடு போட்ட பக்கம் கேத்தோடு. 4148 கண்ணாடி டையோடில் அது மெல்லிய கறுப்புக் கோடு. நம் ஊர் மூடுபனி வெளிச்சத்தில், அதுவும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல், அது சரியாகத் தெரியாது. கண்ணை நம்பாமல் மீட்டரின் டையோடு செட்டிங்கில் வைத்துப் பாருங்கள். 0.6 பக்கம் காட்டும்போது சிவப்பு பின் இருக்கும் கால்தான் ஆனோடு.

பேட்டரியே இல்லாத சாதாரண கிளிப்பரில் எதிர்ப் பாதி போய்விட்டால் இன்னொரு சாத்தியமும் உண்டு. டையோடும் ரெசிஸ்டரும் இடம் மாறியிருக்கலாம். டையோடின் குறுக்கே அவுட்புட் எடுத்தால் ஒரு பாதி கிடைக்கும், ரெசிஸ்டரின் குறுக்கே எடுத்தால் மறு பாதி கிடைக்கும். இரண்டையும் கூட்டினால்தான் இன்புட் அலை. அதனால் டையோடைத் திருப்பும் முன், அவுட்புட் ஒயர் எதன் குறுக்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்கோப்பில் இன்வெர்ட் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்பதையும்தான்.

அறிகுறி: ஸ்கோப் ஒன்று சொல்கிறது, பேப்பர் கணக்கு வேறு சொல்கிறது

சர்க்யூட் சரியாகவே இருக்கும், கணக்கில்தான் தப்பு. பெரும்பாலும் மைனஸை இரண்டு தடவை போட்டிருப்பார்கள்.

நெகட்டிவ் பாதியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, பலர் ஜெனரேட்டரைத் திருப்பி வரைவார்கள், பிளஸ் கீழே, மைனஸ் மேலே என்று. தப்பில்லை. ஆனால் அப்படி வரைந்த பிறகு அதன் மதிப்பு 10 வோல்ட். அங்கே −10 என்று எழுதினால் திருப்பியதைத் திரும்பத் திருப்பியதாகிவிடும், பழையபடி மேல்முனை பிளஸ்ஸாகிவிடும். அந்தக் கணக்கில் டையோடின் குறுக்கே 10 − 3 = 7 வோல்ட் வந்து, நெகட்டிவ் பாதியிலும் டையோடு கடத்துகிறது என்று விடை கிடைக்கும். ஸ்கோப்போ −10 வரை முழு அலையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

என் யோசனை: திருப்பி வரையவே வேண்டாம். குறிகளை ஒரே ஒரு தடவை போடுங்கள். ஜெனரேட்டருக்கு மேலே பிளஸ். ரெசிஸ்டருக்கு இடது பக்கம் பிளஸ். டையோடுக்கு ஆனோடு பக்கம் பிளஸ். பேட்டரிக்கு அதன் சொந்தக் குறி. அப்புறம் அதைத் தொடாதீர்கள். இன்புட் = ரெசிஸ்டர் + டையோடு + 3. இந்த ஒரு சமன்பாடு இரண்டு பாதிக்கும் பொருந்தும். மாறுவது இன்புட்டின் எண் மட்டுமே. நெகட்டிவ் உச்சத்தில் இன்புட் −10. டையோடு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் இல்லை, ரெசிஸ்டரில் பூஜ்யம். ஆக டையோடின் குறுக்கே −13. மைனஸ் வந்ததால் மூடியிருக்கிறது என்று நாம் நினைத்தது சரி. கூடவே இன்னொன்றும் தெரிகிறது: டையோடு தாங்க வேண்டிய தலைகீழ் வோல்டேஜ் 10 அல்ல, 13. 4007 ஆயிரம் வோல்ட் வரை தாங்கும் என்பதால் இங்கே கவலையில்லை.

பேட்டரி பக்கம் இன்னொரு கேள்வி வரும்: "நெகட்டிவ் பாதியில் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸாகிவிடுமா?" ஆகாது. ஆடுவது ஜெனரேட்டர்தான். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள 3 வோல்ட் அப்படியேதான் இருக்கும்.

விடை மைனஸில் வந்தால் கணக்கு தப்பு என்று அழிக்கவும் வேண்டாம். டையோடு திரும்பிய அந்த +2.3 சர்க்யூட்டில், இன்புட் −10ஆக இருக்கும்போது ரெசிஸ்டரின் குறுக்கே −12.3 வரும். மின்னோட்டம் நாம் குறித்ததற்கு எதிர்த்திசையில், அவுட்புட்டிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி ஓடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

அறிகுறி: வெட்டே இல்லை, முழு சைன் அலை வருகிறது

முதலில் அலையின் அளவைப் பாருங்கள். ஜெனரேட்டரில் 5 என்று போட்டிருந்தால் அது மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரையாக இருக்கலாம். அப்படியென்றால் உச்சம் 2.5 மட்டுமே, 3.7ஐத் தொடவே தொடாது. டிரான்ஸ்பார்மர் வைத்துச் செய்பவர்களுக்கு இது தலைகீழ்: 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் உச்சம் 17 வோல்ட் பக்கம் போகும்.

அளவு சரி என்றால் ஸ்கோப்பின் கறுப்பு கிளிப் எங்கே கடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்டேஜைப் பார்க்க ஆசைப்பட்டு, சிவப்பை இன்புட்டிலும் கறுப்பை அவுட்புட்டிலும் மாட்டியிருப்பார்கள். பெரும்பாலான ஜெனரேட்டர்களின் கறுப்பும் ஸ்கோப்பின் கறுப்பும் சுவரிலுள்ள எர்த் வழியாக ஒன்றோடொன்று இணைந்தவை. அவுட்புட்டில் கறுப்பை மாட்டிய நொடியில் டையோடும் பேட்டரியும் எர்த் வழியாக ஷார்ட் ஆகி, 10 வோல்டும் ரெசிஸ்டரின் மேல் வந்து நிற்கும். திரையில் குறையில்லாத சைன் அலை. "டையோடு போய்விட்டது" என்று புதுசு வாங்க வருவார்கள்.

மாற்று வழி உண்டு. இரண்டு கறுப்பும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். முதல் சேனல் இன்புட்டில், இரண்டாவது சேனல் அவுட்புட்டில். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் வசதி ஸ்கோப்பில் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் போதுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஸ்கோப்பின் உலோக உடம்பே உங்கள் சர்க்யூட்டின் வோல்டேஜுக்கு ஏறிவிடும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது.

அறிகுறி: பேட்டரி வைத்தால் சரி, பவர் சப்ளை வைத்தால் வெட்டும் இடம் ஏறிக்கொண்டே போகிறது

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். பென்சில் செல் வைத்தபோது ஒழுங்காக 3.7இல் வெட்டியது. லேப் பவர் சப்ளையை 3 வோல்டில் வைத்து மாட்டினால் 5, 6 என்று ஏறுகிறது, சில சப்ளைகளில் வெட்டே காணாமல் போகிறது. குறிகள் எல்லாம் சரி, ஒயர்கள் சரி, டையோடு சரி. பின்னே என்ன?

மின்னோட்டத்தின் திசையைப் பாருங்கள். நம் சர்க்யூட்டில் டையோடு கடத்தும்போது மின்னோட்டம் சப்ளையின் பிளஸ் முனைக்கு உள்ளே போகிறது. சாதாரண பவர் சப்ளைக்கு மின்னோட்டத்தை வெளியே தரத்தான் தெரியும், உள்ளே வாங்கத் தெரியாது. வந்த மின்னோட்டம் அதன் அவுட்புட் கெப்பாசிட்டரில் போய்ச் சேர்ந்து அதை மெல்ல மெல்ல ஏற்றிவிடும். சர்க்யூட் ஓடும்போதே சப்ளையின் முனைகளில் மீட்டரை வைத்தால் 3 வோல்ட் இருக்காது. அதுவே சாட்சி.

சரி செய்வது சுலபம். உச்சத்தில் உள்ளே வரும் மின்னோட்டம் (10 − 3.7) ÷ 1 கிலோ ஓம் = 6.3 மில்லி ஆம்பியர். அதைவிடக் கூடுதலாக இழுக்கும் ஒரு ரெசிஸ்டரை சப்ளையின் குறுக்கே போட்டுவிடுங்கள். 330 ஓம் போட்டால் 3 வோல்டில் 9 மில்லி ஆம்பியர் இழுக்கும். டையோடு வழியே வருவது இந்த ரெசிஸ்டருக்குள் போய்விடும், சப்ளை தன் 3 வோல்டில் நிற்கும்.

3.7 வகைச் சர்க்யூட்கள் இரண்டிலும்தான் இந்தத் தொல்லை வரும். 2.3 வகை இரண்டிலும் வராது, அவற்றில் மின்னோட்டம் பிளஸ் முனையிலிருந்து வெளியே போகிறது. அதே காரணத்தால் 3.7 வகையில் பென்சில் செல்லுக்கு சார்ஜ் ஏறுகிறது. ரீசார்ஜ் ஆகாத செல்லை அப்படியே மணிக்கணக்கில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், ஒழுகும்.

அறிகுறி: பேட்டரியே இல்லை, ஆனால் 3.5 வோல்டில் வெட்டுவதாகத் தெரிகிறது

ஸ்கோப் ஏசி கப்ளிங்கில் இருக்கிறது. அந்த நிலையில் ஸ்கோப் அலையின் சராசரியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் காட்டும். வெட்டாத சைன் அலைக்குச் சராசரி பூஜ்யம், அதனால் வித்தியாசம் தெரியாது. மேல்பாதி 0.7இல் வெட்டுப்பட்டு கீழ்ப்பாதி −10 வரை போகும் அலைக்குச் சராசரி கிட்டத்தட்ட −2.8. அதைக் கழித்ததும் முழு அலையும் 2.8 மேலே ஏறி, 0.7இல் இருக்க வேண்டிய தட்டை 3.5இல் தெரியும். 50 ஹெர்ட்ஸ் அலை என்றால் தட்டை சற்றுச் சாய்ந்தும் இருக்கும். டிசி கப்ளிங்குக்கு மாற்றினால் வேலை முடிந்தது. எல்லா எண்ணும் பத்தில் ஒரு பங்காகத் தெரிந்தால் பிரோபின் (ஸ்கோப்பின் அளக்கும் ஒயர்) சிறு சுவிட்சையும் பாருங்கள், அது 10இல் கிடக்கும்.

அறிகுறி: போர்டுக்கு பவர் கொடுத்ததும் 5 வோல்ட் லைன் விழுந்துவிடுகிறது

இது லேப் கோளாறு அல்ல. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்திலிருந்து கன்ட்ரோல் போர்டு வரை சென்சார் ஒயர் நீளமாக ஓடும். இடி மின்னல் காலத்தில் அந்த ஒயரில் கண்டபடி வோல்டேஜ் தூண்டப்படும். அதைத் தடுக்க இன்புட்டில் ஒரு ரெசிஸ்டரும் இரண்டு டையோடுகளும் போடுவார்கள். அதுவும் கிளிப்பர்தான், வெட்டும் இடத்தைத் தீர்மானிக்கும் பேட்டரிக்குப் பதில் போர்டின் 5 வோல்ட் லைன். மேல் டையோடுக்கு ஆனோடு இன்புட்டில், கேத்தோடு 5 வோல்டில். கீழ் டையோடுக்கு ஆனோடு கிரவுண்டில், கேத்தோடு இன்புட்டில். இன்புட் 5.7க்கு மேலும் போகாது, −0.7க்குக் கீழும் போகாது.

இரண்டையும் திருப்பிச் சால்டர் செய்துவிட்டால் 5 வோல்ட் லைனிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு டையோடுகள் வழியாக நேர்ப்பாதை திறந்துவிடும். லைன் ஒன்றரை வோல்ட் பக்கம் விழும், டையோடு கை சுடும். மேல் டையோடு மட்டும் திரும்பியிருந்தால் இன்புட் 4.3க்குக் கீழே இறங்காது. கீழ் டையோடு மட்டும் திரும்பியிருந்தால் 0.7க்கு மேலே ஏறாது. சென்சார் ரீடிங் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் இந்த இரண்டு எண்ணையும் தேடுங்கள்.

இடி சமயத்தில் மட்டும் போர்டு தானாக ரீசெட் ஆகிறது என்றால் மேலே சொன்ன பவர் சப்ளை கதையும் ஒரு காரணமாக இருக்கலாம். 5 வோல்ட் லைனைத் தரும் 7805 ரெகுலேட்டர் ஐசிக்கும் உள்ளே வரும் மின்னோட்டத்தை வாங்கத் தெரியாது. இன்புட் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள், 5 வோல்ட் லைனின் குறுக்கே தகுந்த ஜீனர் (குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால் தலைகீழாகவும் கடத்தும் டையோடு) ஒன்றையும் போடுங்கள். பக்கத்தில் நேராக இடி விழுந்தால் இது எதுவும் நிற்காது, அதற்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

அறிகுறி: ஜீனர் போட்டேன், 5.1க்குப் பதில் 0.7இல் வெட்டுகிறது

ஜீனரைச் சாதாரண டையோடு மாதிரி மாட்டியிருக்கிறீர்கள். மேல்பக்கம் 5.1இல் வெட்ட வேண்டுமானால் கேத்தோடு அவுட்புட்டில், ஆனோடு கிரவுண்டில். அப்போதும் கீழ்ப்பக்கம் −0.7இல் வெட்டும், அது அதன் குணம். இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமென்றால் இரண்டு ஜீனர்களை முதுகோடு முதுகாகத் தொடராக இணைக்க வேண்டும். வெட்டு 5.8 பக்கம் வரும், ஒன்றின் 5.1 மற்றதன் 0.7.

சின்னச் சின்ன வித்தியாசங்கள்

காலையில் 0.68, மத்தியானம் 0.65 என்று மாறினால் கோளாறு தேட வேண்டாம். சிலிக்கன் டையோடின் வோல்டேஜ் ஒரு டிகிரி குளிருக்கு ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் ஏறும். ஜனவரியில் உறைபனி விழும் காலையிலும் வெயில் வந்த பிறகும் அளந்தால் 30 மில்லி வோல்ட் வித்தியாசம் சாதாரணம். மேட்டுப்பாளையத்தில் எடுத்த ரீடிங்கோடு ஒப்பிட்டால் இன்னும் கூடும்.

பல பத்து கிலோ ஹெர்ட்ஸுக்குப் போனதும் வெட்டின் ஓரத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு கூர்முனை எட்டிப் பார்த்தால் 4007ஐக் கழற்றிவிட்டு 4148 போடுங்கள். 4007 மின் லைனுக்கான டையோடு, கடத்துவதை நிறுத்த அதற்குப் பல மைக்ரோ செகண்ட் ஆகும். 4148க்குச் சில நானோ செகண்ட் போதும்.

கிட்டார் பெடல் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்டார்ஷனுக்காகப் போடும் இரண்டு டையோடுகளும் எதிரெதிராக இருக்க வேண்டும், ஒன்றின் ஆனோடு இருக்கும் இடத்தில் மற்றதன் கேத்தோடு. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஒரு பாதி மட்டும் வெட்டுப்படும், மறு பாதி அப்படியே நிற்கும், சத்தம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவும் வேறு மாதிரியாகவும் வரும். சிலருக்கு அந்தச் சத்தமே பிடித்துப்போய் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.